கடவுள் வாழ்த்தும் அறன் வலியுறுத்தலும்: ஒரு வரலாற்று நோக்கு

சமயங்கள் உரைக்கும் அறத்தைக் கடவுள் நம்பிக்கையினின்று பிரித்துக் கொள்ளலாமா என்னும் வினா, பகுத்தறிவாளர் எழுப்பிய வினாவாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வருகின்றது. நம்பிக்கையாளர் ஒருபுறம், மறுப்பாளர் மறுபுறம் என அணி வகுத்துக்கொண்டு, அறம் மட்டும் போதும் என்பாரை மறுப்பாளர் அணியிலும், கடவுள் வாழ்த்தின்றி அறநூல் இல்லை என்பாரை நம்பிக்கையாளர் அணியிலும் நிறுத்துவது நம் ஆய்வுலகில் பழகிப்போன முறை. திருக்குறளின் முதல் அதிகாரம் பற்றிய விவாதங்கள் பலவும் இம்முறையிலேயே நடைபெற்றுள்ளன. ஆயின் வரலாற்றுச் சான்றுகள் இவ்வணிவகுப்புக்கு இடந்தருவனவாக இல்லை. அறத்தைக் கோட்பாட்டினின்று பிரிக்க முனைந்தோருள் முதன்மையான சிலர் உறுதியான கடவுட் பற்றுடையோர். கடவுள் வாழ்த்தை விட்டுக்கொடாது காத்தோருள் சிலர், உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டென்பதையே ஒப்பாதவர். இம்முரண் எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழகத்திற்கு வெளியே தமிழ் பயிற்றும் ஆசிரியர்க்கு இவ்வினா நூல்வழி வருவதன்று, வகுப்பறை வழியே வருவது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் முதல் அதிகாரத்தை வினாவின்றி மனனம் செய்து வந்திருப்பர். மொழிபெயர்ப்பின் துணையோடு குறளைப் பயிலத் தொடங்கிய வங்க மாணவியொருவர் முதல் நாளே, ‘இவர் எந்தக் கடவுள்?’ என்று கேட்டார். உரையாசிரியர் எழுவரேனும் எண்மரேனும் கூறிய விடைகளை அடுக்கினேன். ‘அப்படியானால் கடவுளைத் தெரியாமலே நூலைப் படிக்கலாம் அல்லவா?’ என்பது அவரது அடுத்த வினா. அவ்வினாவுக்கு விடை தேடியபோது அவருடைய ஊராகிய கல்கத்தாவிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று.

1820-இல் கல்கத்தாவில் இராஜா இராம்மோகன் ராய் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். ‘இயேசுவின் அறவுரைகள்: அமைதிக்கும் இன்பத்திற்கும் வழிகாட்டி’ என்பது அதன் பெயர்ப்பொருள். நான்கு நற்செய்தி நூல்களிலிருந்தும் அறவுரைப் பகுதிகளைத் தெரிந்தெடுத்து, அற்புதச் செயல்களையும் வரலாற்றுச் செய்திகளையும் பெரும்பாலும் விலக்கித் தொகுத்த தொகுப்பு அது. விலக்கியதற்கு முன்னுரையில் அவர் காட்டும் காரணம் சுவையானது. வரலாற்றுச் செய்திகள் ஐயங்கொள்வார்க்கு இடமளிப்பன. அற்புதங்களோ, ஆசியாவில் வழிவழியாக வழங்கும் புனைகதைகளின் வியப்பை நோக்க அத்துணை வியப்பளிப்பன அல்ல. எனவே இந்நாட்டார் உள்ளத்தில் அவை பதியா என்பது அவர் கருத்து. புராணங்களோடு வளர்ந்த ஒருவரே இவ்வாறு எழுத இயலும்.

நூலை வரவேற்றிருக்க வேண்டியவர்கள் சீராம்பூர்ப் பாதிரிமார். அவர்களே அதனை எதிர்த்தனர். அவர்களது ‘பிரண்ட் ஆப் இந்தியா’ இதழில் எழுந்த மறுப்பு, தொகுத்தவரைப் புறச்சமயி என்று குறித்தது. அச்சொல்லால் புண்பட்ட ராய் ‘கிறித்தவ மக்களுக்கு ஒரு முறையீடு’ என விடையிறுத்தார். இரண்டாம் முறையீடு 1821-இலும் இறுதி முறையீடு 1823-இலும் வெளிவந்தன. முன்னவற்றை அச்சிட்ட பாப்டிஸ்டு அச்சகம் இறுதி முறையீட்டை அச்சிட மறுத்தமையால், ராய் தாமே அச்சகம் அமைத்து அதனை வெளியிட நேர்ந்தது. விவாதத்தின் இடையில், பாதிரிமாருள் ஒருவரான வில்லியம் ஆடம் 1821-இல் முத்திருமைக் கோட்பாட்டைக் கைவிட்டு ராயின் பக்கம் சேர்ந்தார். ‘இரண்டாம் முறை வீழ்ந்த ஆதாம்’ என அவரைப் பிறர் எள்ளினர்.

ராயை எதிர்த்து விரிவாக எழுதிய ஜோஷுவா மார்ஷ்மனின் வாதத்தை வெறும் சமயப் பிடிவாதம் எனத் தள்ளிவிடுதல் முறையாகாது. அறவுரையை ஒருவன் ஏன் பின்பற்ற வேண்டும்? உரைத்தவர் யார் என்பதனால் அன்றோ அதற்கு ஆணைத்தன்மை வருகின்றது? உரைத்தவரது இறைமையை நீக்கிவிட்டால் எஞ்சுவது நல்லவர் ஒருவரின் அறிவுரையே. பிழை செய்தவனுக்கு மீட்சி தருவதற்கு அதில் ஒன்றும் இல்லை. மார்ஷ்மன் வாதத்தின் சாரம் இதுவே. ராய் இதற்குத் தந்த விடையில் கடவுளை மறுக்கவில்லை என்பது கருதத்தக்கது. கடவுளிடத்து அன்பு செய்க, அயலானிடத்து அன்பு செய்க என்னும் இரு கட்டளைகளிலேயே முழுச் சமயமும் அடங்கும் என இயேசுவே கூறியிருக்க, மேலும் கோட்பாடு எதற்கு என்பதே அவர் வினா. ‘ஒரு கடவுட் கொள்கையாளர்க்குக் காணிக்கை’ எனப் பொருள்படும் பாரசீக நூலை இளமையில் எழுதி, 1828-இல் பிரம்ம சபையை நிறுவியவர் அவர். அறத்தைக் கோட்பாட்டினின்று பிரித்தது கடவுளைக் காப்பதற்காகவே எனினும் பொருந்தும். (அதே 1820-இல், கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் தாமஸ் ஜெபர்சனும் நற்செய்திப் பக்கங்களைக் கத்தியால் வெட்டி ஒட்டி இத்தகையதோர் தொகுப்பைத் தமக்கெனச் செய்து முடித்தார். ஒருவர் செய்ததை மற்றவர் அறிந்திலர்.)

இனிச் சென்னைக்கு வருவோம். கல்கத்தாவில் இவ்வழக்கு எழுவதற்குச் சில ஆண்டுகட்கு முன், 1812-இல், திருக்குறள் மூலம் நாலடியாருடன் சென்னையில் முதன்முதலாக அச்சேறியது. சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் குறளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதத் தொடங்கி, நிறைவுறாமலே 1819-இல் மறைந்தார். அவருக்குக் குறட்சுவடி கிடைத்த வரலாற்றில் தம் பாட்டனார் கந்தப்பனுக்குப் பங்குண்டு என அயோத்திதாசப் பண்டிதர் பின்னாளில் எழுதினார்.

இவ்விரு நகரங்களில் நடந்தவற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ராயின் கையிலிருந்தது கோட்பாடு நிறைந்த மறைநூல். அதிலிருந்து அறத்தை அவர் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. குறளோ தொடக்கத்திலேயே அறநூல். ஆதலின் இங்கு நடந்தது மறுதலையான வேலை: அறத்துக்குப் பொருத்தமான கடவுளைத் தேடிச் சேர்த்தல்.

இத்தேடலில் கிறித்தவப் பெரியோர் பங்கு சிறிதன்று. 1730-இல் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் காமத்துப்பாலை விட்டார். ஏனைய இரு பால்களையும் ஏற்றார். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த துரூ 1840-இல் முதல் 63 அதிகாரங்களைப் பரிமேலழகர் உரையுடன் வெளியிட்டார். ஜெர்மனிய மொழியில் பெயர்த்த கிரௌல் இலைப்சிக் மிஷனின் தலைவர். 1886-இல் முழுமையாகப் பெயர்த்த போப், மயிலாப்பூரில் வாழ்ந்த வள்ளுவர் கிறித்தவப் போதகரிடம் அறவுரை கேட்டிருத்தல் கூடும் எனக் கருதினார். போப்பின் தமிழ்ப்பற்றில் எவர்க்கும் ஐயமில்லை. கருதுகோளுக்குச் சான்றில்லை என்பதையும் பலர் எழுதிவிட்டனர். கருதுகோள் ஏன் தேவைப்பட்டது என்பதே இங்கு வினா. இவ்வளவு உயர்ந்த அறம் மீட்பரை அறியாதார் நாவிலிருந்து வந்தது எனில், மார்ஷ்மன் கல்கத்தாவில் வைத்த வாதம் தளர்ந்துபோம். வள்ளுவர் காதில் நற்செய்தி விழுந்தது எனில் தளராது. போப் இதனை எண்ணி எழுதினார் என்று கூறமாட்டேன். ஆயினும் அவர் கருதுகோள் நிரப்பிய வெற்றிடம் இதுவே எனத் தோன்றுகின்றது.

இதற்கும் நெடுங்காலம் முன்னரே இவ்வெற்றிடத்தை நிரப்பும் போட்டி தொடங்கிவிட்டது. முதல் அதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் ‘கடவுள்’ என்னும் சொல் இல்லை. நூல் முழுவதிலுமே இல்லை. அதிகாரத் தலைப்பில் மட்டுமே உண்டு. உள்ளவை ஆதிபகவன், வாலறிவன், மலர்மிசை ஏகினான், எண்குணத்தான், அறவாழி அந்தணன் என்றாற் போன்ற பெயர்கள். பத்தில் ஏழு குறள்கள் தாளை அல்லது அடியைப் பேசுகின்றன. தாளைச் சேர்தல் பிறவிக் கடலை நீந்துதற்குத் துணை எனப்படுகின்றதேயன்றி, பொய் கூறாமைக்கோ கொல்லாமைக்கோ கடவுள் ஆணை காரணமாகக் காட்டப்படவில்லை. சமணர் இப்பெயர்களில் அருகனைக் கண்டனர். நீலகேசியின் உரையாசிரியர் சமயதிவாகர வாமன முனிவர் குறளைத் தம் சமயத்து ஓத்தாகவே கொண்டார். நீலகேசியை 1936-இல் பதிப்பித்த அ. சக்கரவர்த்தி நயினார் இவ்வாதத்தை விரிவாக வளர்த்தார். படைப்புக் கடவுளை ஏலாத சமயம் சமணம். அதுவே கடவுள் வாழ்த்தினைத் தனக்குரியதெனப் பற்றிநின்றது.

பரிமேலழகர் இவ்வுரிமை வழக்கை நன்கறிந்தவர். மலர்மிசை ஏகினான் என்பதனைப் பிறிதொரு கடவுளுக்கு உரியதாக்குவாரும் உளர் என்று குறித்துவிட்டு மேற்செல்கிறார். எண்குணங்களுக்குச் சைவாகமம் கூறும் எட்டையும் வரிசைப்படுத்தி, வேறு கூறுவாரையும் சுட்டுகிறார். மரபு அவரை வைணவர் என்கின்றது. வைணவர் ஒருவர் சைவாகமத்தைத் துணைக்கொண்டு சமண உரிமையை விலக்குவதனைக் காணும்போது, வழக்கு கடவுளைப் பற்றியது என்பதினும் நூலின் உடைமையைப் பற்றியது என்றே கருத வேண்டியுள்ளது.

நான்காம் அதிகாரமாகிய அறன் வலியுறுத்தலுக்கு வரும்போது நிலைமை மாறுகின்றது. அறத்தை ஏன் செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள்; மார்ஷ்மன் கேட்ட வினாவும் அதுவே. அங்குச் சிறப்பு, செல்வம், மனத்தூய்மை, இன்பம், புகழ், பிறவிவழி அடைபடுதல் ஆகியன பேசப்படுகின்றன. கடவுள் பேசப்படவில்லை. பிறவி பேசப்படுவதால் இதனை இவ்வுலக அறம் மட்டுமே என்று கொள்வதும் பொருந்தாது. ஆயினும் ஈகை அதிகாரத்தில் மேலுலகம் இல்லை எனினும் கொடுத்தலே நன்று என வள்ளுவர் துணிகிறார். ஊழை விரிவாகக் கூறியவரே, தெய்வத்தால் ஆகாதவிடத்தும் முயற்சி கூலி தரும் என்கிறார். உலகைப் படைத்தவனைச் சுட்டி அவர் பேசும் இடம் இரவச்சம். இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் எனின், அவ்வாறு உலகை இயற்றியவனும் அலைந்து கெடுக என்கிறார். பரிமேலழகரும் அங்குப் படைத்தவன் என்றே பொருள் கொண்டு, ‘அக்கொடியோன்’ எனச் சினத்தையும் சேர்த்துக்கொள்கிறார். கடவுள் வாழ்த்தில் அடிபணிந்த நூல், 107-ஆம் அதிகாரத்தில் படைத்தவனைப் பழிக்கின்றது. இரண்டும் ஒரே நூலில் உள்ளன என்பதை நம் பாடத்திட்டங்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை. முதல் அதிகாரம் எல்லா வகுப்புகளிலும் இடம்பெறுகின்றது. இரவச்சம் அரிதாகவே பாடமாகின்றது.

கடவுள் காவல் செய்ய வேண்டிய இடத்தில் குறள் நிறுத்துவது அறத்தையே. என்பில்லாத உயிரை வெயில் காய்வது போல அன்பில்லாதவனை அறம் காயும் என்கின்றது அன்புடைமை. பிறன்கேடு சூழ்பவனுக்கு அறமே கேடு சூழும் என்கின்றது தீவினையச்சம். அடக்கமுடையவனின் வழியில் சென்று அறம் காத்திருக்கும் என்கின்றது அடக்கமுடைமை. இவ்விடங்களில் அறம் விதிகளின் தொகுப்பன்று. பார்க்கும், காயும், சூழும், காத்திருக்கும். அரசியலில் பிழைத்தோர்க்கு அறத்தைக் கூற்றுவனாக்கும் சிலப்பதிகாரப் பதிகமும் இம்மரபினதே.

இப்பின்புலத்தில் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் குறளாய்வு தனித்த மதிப்புடையது. சிறையினின்று 1912-இல் மீண்ட வ.உ.சி. குறள்வழிப்பட்ட ‘மெய்யறம்’ என்னும் நூலை 1914-இல் வெளியிட்டார். 1917-இல் மணக்குடவர் உரையோடு அறத்துப்பாலைப் பதிப்பித்தார். 1935-இல் அறத்துப்பாலுக்குத் தாமே விரிவுரை கண்டார். கடவுள் வாழ்த்து, வான்சிறப்பு, நீத்தார் பெருமை ஆகிய முதல் மூன்று அதிகாரங்களும் வள்ளுவர் வாக்கல்ல, பிறரால் இயற்றிச் சேர்க்கப்பட்டவை என்பது அவர் துணிபு. அவர் கொள்கைவழி நூலின் உண்மையான தொடக்கம் அறன் வலியுறுத்தல்.

இம்முடிவைக் கூறியவர் நாத்திகராயின் வியப்பில்லை. அதே 1935-இல் வ.உ.சி. வெளியிட்ட மற்றொரு நூல் சிவஞானபோத உரை. சைவ சித்தாந்தத்தின் தலைமை நூலுக்கு உரை எழுதிய கை, அறநூலின் கடவுள் வாழ்த்து வள்ளுவருடையதன்று என்றும் எழுதியது. இரண்டுக்கும் முரண் உண்டு என அவர் கருதியதாகத் தெரியவில்லை. கடவுளை அறிதற்கு ஒரு நூல், அறத்தைத் தெரிதற்கு ஒரு நூல். ஒன்று மற்றொன்றுக்கு முட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை என்பது அவர் உள்ளக்கிடையாக இருக்கலாம் என்பது என் ஊகம். ராயின் நிலையோடு இதனை ஒப்பிடலாம், வேறுபாடும் உண்டு. ராய் அறத்தைக் கடவுளன்பின் கீழ் வைத்தார். வ.உ.சி.யின் பதிப்பு முடிவு அறத்தைத் தனியே நிற்கவிட்டது. இம்முடிவு ஏற்கத்தக்கதா என்பது வேறு வினா. கிடைக்கும் பழைய உரைகள் அனைத்தும் அவ்வதிகாரங்களை ஏற்றுள்ளமையின் பாட ஆய்வு நோக்கில் அதனை ஒப்புதல் அரிது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் எண்பதாண்டுகளுக்கும் மேலாக அம்முடிவு அடிக்குறிப்பாகவே ஒதுங்கிக் கிடந்தமைக்குக் காரணம் பாட ஆய்வன்று. பக்தர்க்கு அது உவப்பாக இல்லை. மறுப்பாளர்க்கோ அதனைக் கூறியவர் சைவராயிருந்தமை வசதியாக இல்லை.

பிறர் சென்ற வழிகள் வேறு. 1898-இல் பௌத்தம் தழுவிய அயோத்திதாசர், குறளைத் திரிபிடகத்தோடு இணைத்துத் ‘திரிக்குறள்’ என்றார். முதல் அதிகாரத்தில் புத்தரைக் கண்டார். 1949 சனவரியில் பெரியார் சென்னையில் கூட்டிய திருக்குறள் மாநாடு நூலைச் சமயச்சார்பற்ற பொதுநூலாக முன்னிறுத்தியது. அதே ஆண்டில் புலவர் குழந்தையின் உரை வெளிவந்தது. இவர்கள் எவர்க்கும் முதல் அதிகாரத்தை நீக்க வேண்டிய தேவை எழவில்லை; பொருளை மாற்றினால் போதுமாயிருந்தது. நீக்கியவர் கடவுட் பற்றாளர் ஒருவரே.

மார்ஷ்மன் வினா இன்னும் எஞ்சி நிற்கின்றது. கடவுளைப் பிரித்தபின் அறத்துக்கு ஆணைத்தன்மை எங்கிருந்து வரும்? இந்தியச் சூழலில் இதனை நேர்நின்று எதிர்கொண்டவர் அம்பேத்கர். 1956-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவி, அவ்வாண்டிலேயே மறைந்த அவரது ‘புத்தரும் அவர் தம்மமும்’ 1957-இல் வெளிவந்தது. சமயத்தில் கடவுளுக்குள்ள இடம் தம்மத்தில் அறத்துக்கு உரியது என்று அதில் கூறுகிறார். இவ்வளவோடு நின்றிருந்தால் அது பகுத்தறிவாளர் கூற்றாக முடிந்திருக்கும். அவர் மேலும் ஓர் அடி செல்கிறார். அறம் மட்டும் இருந்தால் போதாது. அது புனிதமானதாகவும் எல்லார்க்கும் பொதுவானதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறார். திருடர் குழுவுக்குள்ளும் அறம் உண்டு, சாதிக்குள்ளும் அறம் உண்டு. ஒரு கூட்டத்தாரை மட்டும் காக்கும் அறம் பிறர்க்குத் தீங்காகும் என்பது அவர் கவலை. நூலெங்கும் கடவுளை விலக்கியவர், புனிதம் என்னும் சொல்லை மட்டும் விலக்கவில்லை.

குறளில் காயும் அறம், சூழும் அறம், காத்திருக்கும் அறம் ஆகியவற்றை அம்பேத்கர் வேண்டும் புனித அறத்தோடு வைத்துப் படித்தால், மார்ஷ்மனுக்கு ஒரு விடை உருவாகக் காணலாம். ஆணைத்தன்மை அறத்துக்கு வெளியிலிருந்து வருவதன்று, அதனுள்ளேயே உள்ளது என்பது அவ்விடை. எனினும் இதற்கும் ஒரு தடை உண்டு. அன்பில்லாதவனைச் சுடும் அறம், கடவுளுக்கு இட்ட மறுபெயர் ஆகாதா என்று உடன்பணியாற்றும் தத்துவத் துறை நண்பர் கேட்டார். கடவுளாயின் வழிபாடும் வேண்டுகோளும் இருத்தல் வேண்டும். குறளில் அறத்தைச் செய்யுமாறு கூறப்படுகின்றதேயன்றி, அதனிடம் வேண்டிக்கொள்ளுமாறு எங்கும் கூறப்படவில்லை என்று விடையளித்தேன். அவர் முழுதும் நிறைவுறவில்லை. எனக்கும் இது முடிந்த வழக்காகத் தோன்றவில்லை.

மறு ஆண்டு அப்பாடத்தை வ.உ.சி.யின் வரிசைப்படி, நான்காம் அதிகாரத்திலிருந்து தொடங்கினேன். ‘எந்தக் கடவுள்?’ என்னும் வினா எழவில்லை. அன்புடைமை அதிகாரத்தை அடைந்தபோது புதிய மாணவரொருவர் கையுயர்த்தினார். அறம் என்பது யாது என்று அவர் கேட்கவில்லை. ‘இங்கே அறம் என்பவர் யார்?’ என்று கேட்டார்.